ஊசி போட்ட மறுநாளே பெரட்டா?

ரவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் சென்ற வாரம் நம்மைத் தேடி வந்திருந்தார். இருபத்தாறு ஆண்டுகள் பால்மரம் வெட்டிய கை அவருடையது. மரம் போய்ச் செம்பனை வந்த பிறகு உரம் போடுவது, உதிரிப்பழம் பொறுக்குவது என்று வெளிக்காட்டு வேலை. வலது முழங்கையின் வெளிப்புறத்தைக் காட்டினார். துணியைப் பிழிய முடியவில்லையாம். தேத்தண்ணிக் கெட்டிலைத் தூக்கினால் கை நடுங்குகிறதாம்.

"ஊசி போட்டாங்க ஐயா. அன்னைக்கே வலி பறந்து போச்சு. மறுநாளே பெரட்டுக்குப் போயிட்டேன். ரெண்டு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் பழையபடி. மறுபடியும் ஊசி. இப்படியே நாலு போட்டாச்சு. இப்ப ஊசியும் கேக்க மாட்டேங்குது. அஞ்சாவது போடலாமா வேணாமா, நீங்கதான் சொல்லணும்."

நாம் டாக்டர் அல்லர். ஆனாலும் அவரிடம் நாம் கேட்ட முதல் கேள்விக்கு வந்த பதில்தான் இன்று இந்தப் பகுதியில் இதை எழுத வைத்தது. "அது என்ன ஊசி அம்மா?" என்று கேட்டோம். "வலி ஊசி" என்றார். நான்கு முறை உடம்புக்குள் போன மருந்தின் பெயர் அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அவருக்கு இனிப்பு நீர் இருப்பதை ஊசி போட்டவரிடம் சொன்னாரா என்றோம். "அது வேற வியாதிதானே ஐயா, கைக்கும் அதுக்கும் என்ன?" என்று நம்மையே திருப்பிக் கேட்டார்.

ஊசி என்றால் நம் மக்களுக்கு ஒரு தனி மரியாதை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸர் ஐயா போத்தலில் ஊற்றிக் கொடுத்த கசப்பு மருந்தை வாழைமரத்தடியில் கொட்டிவிட்டு வந்தவர்கள்கூட, "ஊசி போட்டாத்தான் வைத்தியம்" என்று வரிசையில் நின்றார்கள். மாத்திரை மட்டும் எழுதிக் கொடுக்கும் டாக்டர் கைராசி இல்லாதவர்! அந்த நம்பிக்கை இன்னும் போகவில்லை. தோட்டத்தை விட்டு சுங்கை சோ, செரண்டா பக்கம் தொழிற்சாலைக்குப் போனவர்களும், தாமான் வீடுகளில் குடியேறிப் பாதுகாவலர் வேலை, துப்புரவு வேலை பார்ப்பவர்களும் அதையும் மூட்டை கட்டிக்கொண்டுதான் போயிருக்கிறார்கள்.

மூட்டிலும் அதைச் சுற்றியும் போடப்படும் இந்த ஊசியில் பெரும்பாலும் இருப்பது ஸ்டீராய்டு என்ற மருந்து. நம் சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் சிறு சுரப்பிகள் நாள்தோறும் இதே இனச் சரக்கைச் சுரக்கின்றன. அதைப் பிரித்தெடுத்து, செயற்கையாகவும் செய்து, முதன்முதலில் மூட்டு நோயாளி ஒருவருக்குக் கொடுத்தது 1948-ம் ஆண்டு செப்டம்பரில். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், மூட்டு முடக்கு நோயால் படுக்கையோடு கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு டாக்டர் பிலிப் ஹென்ச் கொடுத்தார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்து கடைத்தெருவுக்கே போனார். உலகம் வியந்தது. 1950-ல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மருந்தைத் தொடர்ந்து கொடுத்தபோதுதான் அடுத்த பக்கம் தெரிந்தது: முகம் வீங்கிற்று, எலும்பு இளைத்தது, மனம் கலங்கிற்று, மருந்தை நிறுத்தியதும் வலி திரும்பி வந்தது. ஆகவே உடம்பு முழுவதற்கும் கொடுக்காமல், வலிக்கும் மூட்டுக்குள் மட்டும் கொஞ்சமாகச் செலுத்தலாம் என்ற முறை 1951-ல் வந்தது. இன்று உங்கள் முழங்காலில் ஏறும் ஊசி அந்த முறையின் வாரிசு.

இந்த மருந்து என்ன செய்கிறது? வீக்கத்தையும் எரிச்சலையும் அடக்குகிறது. அடக்குவதுதான் அதன் வேலை. தேய்ந்ததை வளர்க்காது, கிழிந்ததைத் தைக்காது.

இன்னொரு சங்கதியும் உண்டு, இதைப் பலர் அறிய மாட்டார்கள். பல டாக்டர்கள் ஸ்டீராய்டுடன் மரத்துப்போகும் மருந்தையும் கலந்து போடுவார்கள். பல் பிடுங்கும்போது போடுவார்களே, அதே வகை. நம் தாயார் "அன்னைக்கே வலி பறந்து போச்சு" என்றாரே, அது பெரும்பாலும் இந்த மரப்பு மருந்தின் வேலைதான். சில மணி நேரத்தில் அது தெளிந்துவிடும். அன்று இரவு வலி முன்னைவிடக் கூடினாலும் கூடும். ஓரிரு நாளில் அது தணியும். ஸ்டீராய்டின் உண்மையான பலன் தெரிய இரண்டு மூன்று நாளாகும், சிலருக்கு ஒரு வாரம்கூட ஆகும். இது தெரியாதவர் அன்றைக்கே "சொஸ்தமாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு, மறுநாள் விடிகாலையில் கோலையும் அரிவாளையும் தூக்கிக்கொண்டு நிரைக்குள் போய்விடுகிறார்.

அங்கேதான் ஆபத்து. நம்மவர்கள் எதற்கெடுத்தாலும் "நரம்பு இழுத்துக்கிச்சு" என்கிறோம். இழுப்பது நரம்பு அல்ல. தசையை எலும்போடு கட்டியிருக்கும் கயிறு அது. தசைநாண் என்று பெயர். பால்மரம் வெட்டுகிறவர் ஒரு காலையில் நூற்றுக்கணக்கான மரங்களில் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி உளியை இழுக்கிறார். பழம் வெட்டுகிறவர் அண்ணாந்து பார்த்தபடி நீண்ட கோலைக் குத்தி இழுக்கிறார். இருபது கிலோவுக்கு மேலும் இருக்கும் குலையைச் சடக்கோரம் சேர்க்கிறார். மருந்து தெளிப்பவர் பதினாறு லிட்டர்த் தோம்பை முதுகில் சுமந்துகொண்டு ஒரு கையால் பம்பை அடித்துக்கொண்டே நடக்கிறார். இத்தனைக்கும் ஈடு கொடுப்பது அந்தக் கயிறுதான். பல ஆண்டு உழைப்பில் அது நைந்து போகிறது. நைந்த கயிற்றைச் சுற்றி ஸ்டீராய்டு இறங்கினால் வலி அடங்கும். ஆனால் கயிறு சில காலத்துக்கு இன்னும் பலவீனப்படும். வலி என்பது உடம்பு போடும் கூச்சல். கூச்சலை அடக்கிவிட்டுச் சுமையை ஏற்றினால் கயிறு அறுந்து போகக்கூடும். குதிகாலுக்கு மேலே இருக்கும் பெரிய நாணில் இந்த ஊசியைப் போடத் தேர்ந்த டாக்டர்கள் தயங்குவதற்குக் காரணமும் இதுதான். நாணுக்குள்ளேயே குத்தக் கூடாது, அதைச் சுற்றியுள்ள உறையில்தான் போட வேண்டும் என்பது மருத்துவர்களின் பாடம்.

முழங்கை வலியைப் பற்றி ஒரு கணக்கு இருக்கிறது. ஹாலந்து நாட்டில் 185 நோயாளிகளை வைத்துச் செய்த சோதனை, 2002-ல் வெளியானது. ஒரு கூட்டத்தாருக்கு ஸ்டீராய்டு ஊசி. இன்னொரு கூட்டத்தாருக்கு உடற்பயிற்சி சிகிச்சை. மூன்றாவது கூட்டத்தாரிடம், கையைப் பார்த்துப் பக்குவமாக வைத்துக்கொண்டு பொறுத்திருங்கள் என்று மட்டும் சொன்னார்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 92 பேருக்குச் சுகம். பயிற்சி செய்தவர்களில் 47 பேர். சும்மா பொறுத்திருந்தவர்களில் 32 பேர். ஊசிக்குத்தான் வெற்றி! ஆனால் 52 வாரம் கழித்து மறுபடியும் எண்ணினார்கள். பயிற்சி செய்தவர்களில் 91 பேர், பொறுத்திருந்தவர்களில் 83 பேர் சுகமாயிருந்தார்கள். ஊசி போட்டவர்களோ 69 பேர்தான். ஒன்றுமே செய்யாதவன்கூட ஊசி போட்டவனைத் தாண்டிவிட்டான். பின்னர் ஆஸ்திரேலியாவில் நடந்த சோதனைகளும் இதே கதையைத்தான் சொல்லின.

முழங்காலுக்கும் ஒரு கணக்கு உண்டு. 2017-ல் அமெரிக்காவில் வெளியானது. மூட்டுத் தேய்மானம் உள்ள 140 பேர். பாதிப் பேருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, இரண்டு ஆண்டுகள் ஸ்டீராய்டு ஊசி. மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர் ஊசி. இரண்டாண்டு முடிவில் வலியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் மூட்டுக்குள் மெத்தை போல் இருக்கும் குருத்தெலும்பு ஸ்டீராய்டு போட்டவர்களுக்கு இரு மடங்கு தேய்ந்திருந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு, "அப்படியானால் ஊசியே விஷம்" என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அது உண்மையல்ல. விரல் மடங்கி மாட்டிக்கொண்டு, நிமிர்த்தும்போது 'டக்'கென்று துள்ளும் நோய் பால்மரம் வெட்டியவர்களிடம் நாம் நிறையப் பார்க்கிறோம். அதற்கு இந்த ஊசி நல்ல மருந்து. ஒன்றிரண்டு ஊசியிலேயே பலருக்கு அறுவை சிகிச்சை தேவையில்லாமல் போகிறது. கட்டை விரலின் அடியில் மணிக்கட்டோரம் வரும் வலிக்கும் அப்படியே. தோள்பட்டை இறுகிப்போய் இரவில் புரண்டு படுக்க முடியாதவருக்கு ஓர் ஊசி தூக்கத்தையும், பயிற்சி செய்யத் தேவையான இடைவெளியையும் கொடுக்கும். வலி அடங்கியிருக்கும் அந்த இடைவெளியை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மூட்டைப் பழக்குவதற்கா, மறுபடியும் குலை சுமப்பதற்கா?

இனிப்பு நீர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 2019-ம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு இனிப்பு நீர். இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 31 பேர். மூட்டில் போட்ட ஊசி மூட்டோடு நின்றுவிடாது. கொஞ்சம் இரத்தத்தில் கலக்கும். அடுத்த சில நாட்களுக்கு, சிலருக்கு ஒரு வாரத்துக்கும் மேலாக, சர்க்கரை ஏறும். வீட்டில் சோதிக்கும் கருவி இருந்தால் அந்த வாரம் தினமும் பாருங்கள். இன்சுலின் போடுகிறவர் அளவை என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நம் தாயார் நான்கு முறையும் இதைச் சொல்லாமலே போட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டாவது ஊசிக்குப் பிறகு தலை சுற்றி இரண்டு நாள் லயத்திலேயே படுத்துக் கிடந்தாராம். பக்கத்து வீட்டார் கண் பட்டுவிட்டது என்று சுற்றிப் போட்டார்களாம். சர்க்கரையை யாரும் பார்க்கவில்லை.

இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும். காய்ச்சலோ, குத்தும் இடத்தில் புண்ணோ இருந்தால் அன்றைக்கு ஊசி வேண்டாம். ஊசி போட்ட இடம் தேமல் போல வெளுக்கலாம், தோல் குழி விழலாம். நம்மைப் போன்ற கருத்த தோலில் அது பளிச்சென்று தெரியும். அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் போட்ட மூட்டு சிவந்து, சுட்டு, வீங்கி, உடம்பும் காய்ந்தால் அது மூட்டுக்குள் கிருமி புகுந்ததன் அடையாளமாக இருக்கலாம். அபூர்வம்தான். ஆயினும் விடியட்டும் என்று காத்திராமல் அன்றிரவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஊசிக்குப் பயந்து ஜாமு பொடிக்கும் மூட்டுவலி உருண்டைக்கும் ஓடுகிறவர்களையும் விட்டுவிட முடியாது. பாசார் மாலாமிலும் கைப்பேசி வழியாகவும் விற்கிறார்கள். "மூலிகைதான், பக்க விளைவே இல்லை" என்பார்கள். பெட்டாலிங் ஜெயாவிலுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் இத்தகைய சரக்குகளைச் சோதித்து, அவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு திருட்டுத்தனமாகக் கலந்திருப்பதைத் திரும்பத் திரும்பக் கண்டு எச்சரித்து வருகிறது. டாக்டரின் ஊசியிலாவது அளவு உண்டு, கணக்கு உண்டு. இதில் அதுவும் இல்லை. தினமும் உள்ளே போகிறது. நாலு நாளில் கிழவி எழுந்து கோயிலுக்கு நடக்கிறாள். நாலு மாதத்தில் முகம் உருண்டு திரண்டு வருகிறது. "பாட்டி முகம் தெளிஞ்சிருக்கு, சதை போட்டிருக்கு" என்று பேரப்பிள்ளைகள் மகிழ்கிறார்கள். அது சதையல்ல, மருந்தின் வீக்கம். அப்படிப்பட்டவர் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. உடம்பின் சொந்தச் சுரப்பி தூங்கிப் போயிருக்கும், வாந்தியும் மயக்கமும் வரும். பொட்டலத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு அரசாங்க கிளினிக்குக்குப் போய் உண்மையைச் சொல்லுங்கள். படிப்படியாக நிறுத்த வழி செய்வார்கள். பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் எண்ணும் மின்னும் முத்திரையும் இருக்கும். இரண்டும் இல்லாததை வாங்காதீர்கள்.

இனி நிருவாகத்தாரிடமும் ஒரு வார்த்தை. தொழிலாளி ஏன் மறுநாளே ஓடுகிறான்? ஆசைக்கா? 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தை 26 நாளாகப் பிரித்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி 38 காசு. ஒரு நாள் போகாவிட்டால் அது போய்விடுமே என்ற பயம். பழத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்க்கும் இடத்தில் அந்தப் பயம் இன்னும் பெரிது. மண்டோர் முகம் சுளிப்பார் என்பது வேறு. ஊசி போட்டு ஆளை நிரைக்கு அனுப்புவது நிருவாகத்துக்கும் சுலபமாகத்தான் இருக்கிறது. ஒரு நல்ல டாக்டர் ஊசியோடு இரண்டு வாரம் பாரம் தூக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தால், அந்தக் காகிதத்தைப் பார்த்து "இங்கே இலேசான வேலை கிடையாது" என்று சொல்லும் கிராணிமாரை நாம் அறிவோம். ஏன் கிடையாது? நாற்று மேடை இல்லையா? சாமான் கொட்டகை இல்லையா? அரிவாள் தீட்டிக் கொடுக்க ஒரு கை வேண்டாமா? மழுங்கிய அரிவாள்தான் தோள்பட்டையின் முதல் எதிரி. தீட்டியது ஒரே இழுப்பில் வெட்டும், மழுங்கியது மூன்று இழுப்புக் கேட்கும்.

தொழிலாளர்களும் தங்கள் பாத்தியதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1955-ம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, சம்பளத்தோடு எம்.சி. எடுக்க இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டில் 14 நாள், ஐந்து ஆண்டுக்குக் குறைந்தவருக்கு 18 நாள், அதற்கு மேற்பட்டவருக்கு 22 நாள் உண்டு. இதை எடுப்பது சோம்பேறித்தனம் அல்ல. வேலையில் விழுந்தோ சுளுக்கியோ அடிபட்டால் சொக்சோ இருக்கிறது. நிருவாகம் 48 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். நான்கு நாளுக்குக் குறையாமல் எம்.சி. இருந்தால் தினச் சம்பளக் கணக்கில் நூற்றுக்கு 80 கிடைக்கும். வேலையால் வரும் நோய்களும் அந்தச் சட்டத்தில் அடங்கும். ஆனால் "வேலை செய்யும்போதுதான் வந்தது" என்று டாக்டரின் சீட்டில் பதிவாக வேண்டும். நாமோ போனதும் "ரெண்டு நாளா சும்மாவே வலிக்குது டாக்டர்" என்று சொல்லி நம் கேஸை நாமே கெடுத்துவிடுகிறோம்! நிரையில் உங்களுக்குப் பக்கத்தில் குலை வெட்டும் வங்காளதேசத் தோழருக்கும் 2019 ஜனவரி முதல் இந்த விபத்துக் காப்பு உண்டு. அவரிடமும் சொல்லுங்கள். அவருக்குச் சொல்ல ஆளில்லை.

சங்கக் கிளைச் செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊசி போட்டு வரும் தொழிலாளியின் இலேசான வேலைச் சீட்டை நிருவாகம் ஏற்காத இடங்களைக் குறித்து வையுங்கள். தேதியோடு எழுதுங்கள். வாய்ப்பேச்சாகப் போய்ப் பேசினால் சிரித்து அனுப்பிவிடுவார்கள்.

சரி, அந்தத் தாயாருக்கு நாம் என்ன சொன்னோம்? ஐந்தாவது ஊசியை இப்போது போட்டுக்கொள்ள வேண்டாம் என்றோம். ஒரே இடத்தில் ஆண்டுக்கு மூன்று நான்குக்கு மேல் போடலாகாது என்பதே பொதுவாக டாக்டர்கள் வைத்திருக்கும் எல்லை. பலன் குறைந்துகொண்டே வந்தால் அதற்கு முன்பே நிறுத்தி வேறு வழி பார்க்க வேண்டும். ரவாங் அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கொடுத்துப் பதிந்துகொண்டு, நான்கு ஊசியையும் இனிப்பு நீரையும் சொல்லி, எலும்பு நிபுணருக்கும் உடற்பயிற்சி சிகிச்சைக்கும் கடிதம் கேட்கச் சொன்னோம். செலாயாங், சுங்கை பூலோ இரண்டு ஆஸ்பத்திரிகளும் அவருக்கு எட்டும் தூரம்தான். நிபுணரைப் பார்க்க நாள் தள்ளிக் கொடுப்பார்கள். காத்திருக்கத்தான் வேண்டும்.

அதுவரை வீட்டில் செய்ய ஒரு பயிற்சி உண்டு. முன்கையை மேசை மேல் வைத்து, மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே விட்டு, உள்ளங்கை கீழே பார்க்கும்படி அரை லிட்டர்த் தண்ணீர்ப் போத்தலைப் பிடியுங்கள். மற்றக் கையால் போத்தலை மேலே தூக்கிவிட்டு, வலிக்கும் கையால் மெதுவாக, மிக மெதுவாக, கீழே இறக்குங்கள். பத்துப் பதினைந்து தடவை, கொஞ்சம் ஓய்வு, மறுபடியும். இலேசான வலி பரவாயில்லை. சுரீரென்று குத்தினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். பலன் தெரிய வாரங்கள் ஆகும், மாதங்கள்கூட ஆகும். அந்தக் கயிறு நைந்தது ஒரே நாளிலா?

புறப்படும்போது அவர் தயங்கி நின்றார். "எல்லாம் சரிங்க ஐயா, டாக்டர் மலாய்க்காரப் பொண்ணு. நான் எப்படிக் கேக்கிறது?" என்றார். நியாயமான கேள்வி. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தோம். மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் அதை அப்படியே இங்கே போடுகிறோம். வெட்டி எடுத்து ஐ.சி.யோடு வைத்துக்கொள்ளலாம்.

இது என்ன மருந்து? – "இனி ஊபாட் அப்பா?"

இது ஸ்டீராய்டா? – "இனி ஸ்டீராய்டு கா?"

எனக்கு இனிப்பு நீர் இருக்கிறது. – "சாயா அடா கென்சிங் மானிஸ்."

இந்த இடத்தில் ஏற்கெனவே நான்கு முறை ஊசி போட்டாயிற்று. – "சினி சூடா அம்பாட் காலி சுந்திக்."

எத்தனை நாள் ஓய்வு வேண்டும்? – "பெராப்பா ஹாரி பெர்லு ரேஹாட்?"

எம்.சி.யும் இலேசான வேலைக்குக் கடிதமும் வேண்டும். – "சாயா மாவு எம்.சி. டான் சூராட் கெர்ஜா ரிங்ஙான்."